ஒரே கணக்கு, ஆறு வகுப்பு: தோட்டப் பள்ளிக்கும் பட்டணப் பள்ளிக்கும் பொருந்தும் கணித நடவடிக்கைகள்

ஒரு ரிங்கிட்டை 50 சென், 20 சென், 10 சென் காசுகளை மட்டும் வைத்து எத்தனை விதமாகக் கொடுக்கலாம்?

முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் காசுகளைக் கொடுத்து இப்படிக் கேட்டால், இரண்டு 50 சென்னை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும். அதுவும் சரியான விடைதான். மூன்றாம் ஆண்டு மாணவன் நான்கைந்து வழிகளைக் கண்டுபிடிப்பான். ஐந்தாம் ஆண்டு மாணவியிடம் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்: "எல்லா வழிகளையும் எழுதிவிட்டாய் என்று எப்படி உறுதியாகச் சொல்வாய்?" மொத்தம் 10 வழிகள். அதோடு 5 சென் காசையும் சேர்த்துக்கொண்டால் 49 வழிகள் ஆகிவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பெரியவர்களே தாளும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டும்.

கேள்வி ஒன்றுதான். ஏழு வயதுப் பிள்ளையும் அதில் நுழையலாம், பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் அதில் களைத்துப் போகலாம். வயதும் திறனும் கலந்திருக்கும் வகுப்பில் கணிதம் கற்பிப்பதற்கு இத்தகைய கேள்விகளே அடிப்படை. சுங்கை சிப்புட் போன்ற வட்டாரத்துக்கு இது மிகவும் தேவைப்படும் விஷயம்.

தோட்டத்தில் வயது, பட்டணத்தில் திறன்

தோட்டப் பள்ளிகளில் வயது கலந்த வகுப்பு புதிதல்ல. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் நிர்வாகங்களுக்கு விதித்தது. அன்றைய தோட்டப் பள்ளிகள் பலவற்றில் ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியர். எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒன்றாகவே உட்கார்ந்து படித்தார்கள்.

பிறகு ரப்பர் குறைந்து செம்பனை வந்தது. லயங்களை விட்டுப் பலர் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். எல்பில், டோவன்பி, ஈவுட் போன்ற தோட்டப் பெயர்கள் இன்றும் இவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகளில் இருக்கின்றன. ஆனால், நாடு முழுவதும் தோட்டப்புறப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. 150 மாணவருக்கும் குறைவாக உள்ள பள்ளியைக் கல்வி அமைச்சு 'குறைந்த மாணவர் பள்ளி' என்று வகைப்படுத்துகிறது. ஏறக்குறைய 30 மாணவரோ அதற்கும் குறைவாகவோ உள்ள பள்ளிகளில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் கூட்டு வகுப்பு முறை நடப்பில் இருக்கிறது.

பட்டணப் பள்ளிகளில் நிலைமை வேறு மாதிரி. அங்கே முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே வயது. ஆனால், ஒரு பிள்ளை மனக்கணக்காகவே பெருக்கிவிடும். பக்கத்தில் இருக்கும் பிள்ளை 52-இல் உள்ள 5 ஐம்பதைக் குறிக்கிறது என்பதையே இன்னும் பிடித்திருக்காது. ஆக, தோட்டப் பள்ளியில் வயது கலந்த வகுப்பு, பட்டணப் பள்ளியில் திறன் கலந்த வகுப்பு. இரண்டு இடத்திலும் ஆசிரியர் சந்திக்கும் சிக்கல் ஒன்றேதான்.

எங்கே அடி சறுக்குகிறது?

படிநிலை ஒன்றில், அதாவது ஒன்றாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை, தேர்வுகள் 2019-இல் அகற்றப்பட்டன. ஆறாம் ஆண்டின் யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் ரத்தானது. பிள்ளைகளின் அச்சம் குறைந்தது நல்லதே. ஆனால், மதிப்பெண் தாளைப் பார்த்தே பிள்ளையின் நிலையை அறிந்து பழகிய பெற்றோருக்கு, இப்போது பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறது என்று எளிதில் தெரிவதில்லை.

கணிதத்தில் ஓர் ஓட்டை தானாக அடைபடாது. இரண்டாம் ஆண்டில் இடமதிப்பு புரியாத பிள்ளை நான்காம் ஆண்டில் நீள்வகுத்தலில் தடுமாறும். பின்னம் புரியாமல் போனால் விழுக்காடும் புரியாது. அந்தக் குறையோடு இடைநிலைப்பள்ளிக்குப் போனால், அங்கே பாடமும் வேற்று மொழியில் நடக்கும். கணக்கு புரியவில்லையா, மொழி புரியவில்லையா என்று பிள்ளைக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. "எனக்குக் கணக்கு வராது" என்ற வார்த்தை ஒன்பது பத்து வயதிலேயே வாயில் வந்துவிட்டால், அதை மாற்ற வருடக் கணக்கில் ஆகும்.

சிறிய பள்ளிக்கு இதில் இன்னொரு கவலையும் உண்டு. "இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துச் சொல்லிக் கொடுத்தால் என் பிள்ளை பின்தங்கிவிடாதா?" என்று பெற்றோர் யோசிப்பது இயல்பு. அந்த யோசனையில் ஒரு குடும்பம் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றினால், எண்ணிக்கை இன்னும் குறைகிறது. ஆகவே கூட்டு வகுப்பில் கணிதம் எப்படி நடக்கிறது என்பது அந்தப் பள்ளி நிலைப்பதோடும் சேர்ந்த கேள்வி.

இனி, அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடிய நான்கு நடவடிக்கைகளைப் பார்க்கலாம்.

1. கொட்டைகளை நிரையாக அடுக்குதல்

தேவை: ஒரு டப்பா நிறைய ரப்பர் கொட்டை. கிடைக்காத இடத்தில் புளியங்கொட்டை அல்லது போத்தல் மூடி.

கீழ் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கை அள்ளி மேசையில் வைத்து, எண்ணுவதற்கு முன்பே எத்தனை இருக்கும் என்று ஊகித்து எழுத வேண்டும். பிறகு பத்துப் பத்தாகக் குவித்து எண்ண வேண்டும். மூன்று குவியலும் நான்கு உதிரியும் இருந்தால் 34. இடமதிப்பைக் கையால் தொட்டு உணர இதைவிட எளிய வழி இல்லை.

நடு வகுப்புப் பிள்ளைகளுக்கு 24 கொட்டைகள். தோட்டத்து மரங்களைப் போல, எல்லா நிரையிலும் ஒரே எண்ணிக்கை வரும்படி அடுக்க வேண்டும். ஒரு நிரையில் 24, இரண்டு நிரையில் 12, மூன்றில் 8, நான்கில் 6 என நான்கு வகை கிடைக்கும். அடுத்து 23 கொட்டைகளைக் கொடுத்தால் ஒரே நிரையைத் தவிர வேறு எப்படியும் அடுக்க முடியாது. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். காரணி, பகா எண் ஆகிய இரண்டு சொற்களையும் அப்போது அறிமுகப்படுத்தினால் மனத்தில் தங்கும்.

மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கான கேள்வி: 50-க்குள் மிக அதிக வகையில் அடுக்கக்கூடிய எண் எது? தேடிப் பார்த்தால் 36, 48 என்று இரண்டு எண்கள் கிடைக்கும். இரண்டையும் ஐந்து வகையாக அடுக்கலாம். ஆனால், 36-இன் ஐந்து வகைகளில் ஒன்று 6 நிரையில் 6 என்ற சதுரம். 48-இல் சதுரம் கிடையாது. இதைக் கவனிக்கும் பிள்ளை சதுர எண்ணைத் தானே கண்டுபிடித்துவிட்டது என்று பொருள்.

2. கோலப் புள்ளிகள்

கரும்பலகையில் 1, 3, 5, 3, 1 என்று ஐந்து வரிசைகளில் புள்ளி வைக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் எண்ணிச் சொல்வார்கள்: 13. அடுத்த கோலம் 1, 3, 5, 7, 5, 3, 1. அதற்கு 25 புள்ளிகள். அதற்கும் அடுத்தது 41.

"ஒவ்வொரு முறையும் எத்தனை புள்ளி கூடுகிறது?" என்பது நடு வகுப்புக்கான கேள்வி. ஐந்திலிருந்து 13-க்கு 8, 13-இலிருந்து 25-க்கு 12, 25-இலிருந்து 41-க்கு 16. அப்படியானால் அடுத்ததற்கு 20 கூடி 61 வர வேண்டும். வரைந்து சரிபார்க்கலாம்.

மேல் வகுப்புப் பிள்ளைகள் கோலத்தைச் சாய்த்து வைத்துப் பார்க்கட்டும். 25 புள்ளிக் கோலத்துக்குள் 4 வரிசையில் 4 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரமும், அதன் இடைவெளிகளில் 3 வரிசையில் 3 புள்ளிகள் கொண்ட இன்னொரு சதுரமும் ஒளிந்திருக்கும். 16-உம் 9-உம் சேர்ந்து 25. 41 புள்ளிக் கோலத்தில் 25-உம் 16-உம். இரண்டு வண்ணச் சுண்ணக்கட்டியால் தீட்டினால் வகுப்பு முழுக்கப் பார்த்துவிடும். கணக்கில் பின்தங்கியிருந்தாலும் கை நேர்த்தியாக ஓடும் பிள்ளை இந்த நடவடிக்கையில் முன்னே வந்து நிற்கும்.

3. தாள் மடிப்பும் தாத்தா பாட்டியின் பின்னமும்

ஒரு தாளை இரண்டாக மடித்தால் அரை. மறுபடி மடித்தால் கால். இன்னொரு முறை மடித்தால் எட்டில் ஒன்று. அதற்குத் தமிழில் அரைக்கால் என்று பெயர். நான்காவது மடிப்பில் பதினாறில் ஒன்று, அது மாகாணி. மடிப்பு ஒவ்வொன்றுக்கும் பங்குகள் 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும். முதலாம் ஆண்டுப் பிள்ளை அரையையும் காலையும் வண்ணம் தீட்டினால் போதும். நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒரு காலில் எத்தனை மாகாணி இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை நான்கு.

ஆறாம் ஆண்டுக்கு ஒரு புதிர் இருக்கிறது. பழந்தமிழ்க் கணக்கில் மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. இரண்டையும் கூட்டினால் மாகாணி வருமா? இருபதில் ஒன்று என்பது எண்பதில் நான்கு. அதோடு காணி ஒன்றைச் சேர்த்தால் எண்பதில் ஐந்து. சுருக்கினால் பதினாறில் ஒன்று. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. பகுதிகளைச் சமமாக்கிக் கூட்டும் முறையை விளக்க இதைவிடச் சுவையான உதாரணம் கிடைப்பது கடினம். மா என்பது 5 விழுக்காடு, இருமா என்பது 10 விழுக்காடு என்று விழுக்காட்டுக்கும் இதையே நீட்டிக்கலாம்.

எண்சுவடி படித்த தலைமுறையினர் வீட்டில் இருந்தால், அரைக்கால், மாகாணி என்ற சொற்கள் அவர்களுக்குப் பழக்கமாக இருக்கும். அதைக் கேட்டு வருவதையே வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம்.

4. ரசீதும் காசும்

தொடக்கத்தில் கேட்ட ஒரு ரிங்கிட் கேள்வியோடு கடை ரசீதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகை பக்கத்து 5 சென்னுக்குக் கிட்டத்தட்டவாக்கப்படுகிறது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே இறங்கும். 3, 4 என்றால் ஐந்துக்கு ஏறும். 6, 7 என்றால் ஐந்துக்கு இறங்கும். 8, 9 என்றால் பத்துக்கு ஏறும்.

கீழ் வகுப்புப் பிள்ளைகள் ரசீதில் உள்ள விலைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தலாம். நடு வகுப்பு, கிட்டத்தட்டவாக்கிய தொகையைச் சொல்லி மீதிக் காசைக் கணக்கிடலாம். மேல் வகுப்புக்கு விவாதக் கேள்வி: இந்த முறையால் வாங்குபவருக்கு லாபமா, கடைக்காரருக்கு லாபமா? பத்து ரசீதுகளைச் சேகரித்து ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால், அதுவே ஒரு சிறிய ஆய்வு.

உள்ளூர் வரலாற்றையும் இதே போல் கணக்காக்கலாம். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ.தி.சம்பந்தனின் முயற்சியில் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. துண்டாடப்பட்ட தோட்டங்களால் வேலையிழந்து கொண்டிருந்த தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்த பணம்தான் அதன் அடித்தளம். ஒருவர் 100 வெள்ளி சேர்க்க எத்தனை மாதம்? 50 பேர் சேர்ந்தால் ஒரு வருடத்தில் எவ்வளவு? முதலாவதற்கு 10 மாதம். இரண்டாவதற்கு 6,000 வெள்ளி. கணக்குப் போட்ட கையோடு, அந்தப் பத்து வெள்ளியைச் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்தவர்களின் கதையையும் பிள்ளை தெரிந்துகொள்ளும்.

ஒரு மணி நேரத்தை எப்படி நடத்துவது?

30 நிமிடப் பாடவேளை இரண்டு கிடைத்தால் மூன்று பகுதியாகப் பிரிக்கலாம். முதல் 10 நிமிடம் எல்லாரும் ஒன்றாக: கேள்வியைச் சொல்லி, பொருளைக் காட்டி, ஊகிக்க விடுவது. அடுத்த 35 நிமிடம் மூன்று குழுக்களாக வேலை. இந்த நேரத்தில் ஆசிரியர் முதலில் உட்கார வேண்டியது, உதவி அதிகம் தேவைப்படும் குழுவோடு. மற்ற இரண்டு குழுவும் தாங்களே தொடங்கும் அளவுக்குக் கேள்வி தெளிவாக அட்டையில் இருக்க வேண்டும். கடைசி 15 நிமிடம் மறுபடி எல்லாரும் ஒன்றாக: ஒவ்வொரு குழுவும் கண்டுபிடித்ததைச் சொல்வது. கீழ் வகுப்புப் பிள்ளைகளே முதலில் பேச வேண்டும். பெரிய பிள்ளைகள் முந்திக்கொண்டால் சின்னவர்களுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

இதில் மூன்று தவறுகள் நடக்க வாய்ப்புண்டு.

ஒன்று, வேகமாக முடித்த பிள்ளைக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்குகளைக் கொடுப்பது. அது பரிசாகத் தெரியாது, தண்டனையாகத்தான் தெரியும். எண்ணிக்கையைக் கூட்டாமல் கேள்வியை ஆழமாக்க வேண்டும்.

இரண்டு, கெட்டிக்காரப் பிள்ளையை எப்போதும் குட்டி ஆசிரியராகவே பயன்படுத்துவது. பிறருக்கு விளக்குவதால் அந்தப் பிள்ளைக்கும் தெளிவு வரும் என்பது உண்மைதான். ஆனால், தினமும் அதுவே வேலையானால் அதன் சொந்தக் கற்றல் நின்றுவிடும்.

மூன்று, பின்தங்கிய பிள்ளையை வருடம் முழுவதும் ஒரே குழுவில் உட்கார வைப்பது. குழு என்பது அன்றைய பாடத்துக்கு மட்டும். கோலத்தில் மேல் குழுவில் இருக்கும் பிள்ளை பின்னத்தில் கீழ்க் குழுவில் இருக்கலாம். குழுக்களுக்கு மரம், பூ என்று பெயர் வைத்தாலும், யார் எப்போதும் எங்கே உட்காருகிறார் என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் நடந்தது

வயது கலந்த வகுப்புக்கென்றே தமிழில் ஒரு பெரிய முயற்சி நடந்திருக்கிறது. ஆந்திராவின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி.விஜயகுமார் இதை முன்னெடுத்தார். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பாடம் சிறு சிறு படிகளாக, ஏணி போல் பிரிக்கப்பட்டது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து தங்கள் படிக்குரிய அட்டையை எடுத்துச் செய்தார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அமைந்தது.

அதில் கிடைத்த நன்மை, பிள்ளை தன் வேகத்தில் நகர முடிந்தது. கூடவே ஒரு பாடமும் கிடைத்தது: ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாவிட்டால் அட்டையை நிரப்புவதும் இயந்திர வேலையாகிவிடும். அட்டை கற்பிக்காது; அட்டையைச் சுற்றி நடக்கும் பேச்சுதான் கற்பிக்கும்.

2022-இல் அங்கே தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில், ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்து நடவடிக்கைகள் கொடுக்கப்படுகின்றன. இந்தியாவின் பிரதம் அமைப்பும் நாளில் சிறிது நேரம் வகுப்பை மறந்து, பிள்ளைகளை அவர்களின் நிலைக்கேற்பக் குழுவாக்கும் முறையைப் பல மாநிலங்களில் நடத்தியிருக்கிறது. பிள்ளை எந்த ஆண்டில் படிக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அதற்கு என்ன தெரியும் என்று பார்ப்பதுதான் இவை எல்லாவற்றிலும் உள்ள பொதுவான கருத்து. கூட்டு வகுப்பு ஆசிரியர்கள் தேவையின் காரணமாகவே அன்றாடம் செய்வதும் இதுதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெற்றோர் கணிதத்தில் கெட்டிக்காரராக இருக்க வேண்டியதில்லை. "விடை என்ன?" என்று கேட்பதோடு "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்றும் கேட்டால் போதும். விடை தவறாக இருந்தாலும் பிள்ளை வழியைச் சொல்லும்போது தவறு எங்கே என்று அதற்கே தெரிந்துவிடும். "எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாமல் இருப்பதும் ஓர் உதவிதான்.

பல்லாங்குழியோ சொங்காக்கோ வீட்டில் இருந்தால் எடுத்து வைக்கலாம். 14 குழிகளில் குழிக்கு ஐந்து என்றால் 70 முத்து. மூன்றாவது குழியில் தொடங்கி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக 20 முத்துகளைப் போட்டால் கடைசி முத்து எந்தக் குழியில் விழும்? 20-இல் 14 போனால் மீதம் 6. மூன்றோடு ஆறு சேர்த்தால் ஒன்பதாவது குழி. போட்டுப் பார்க்காமலே சொல்லும் பிள்ளை வகுத்தலில் மீதத்தின் பயனைப் புரிந்துகொண்டது.

ஆறாம் ஆண்டுப் பிள்ளை இருக்கும் வீட்டில் கூடுதலாக ஒன்று செய்யலாம். பெருக்கல், பின்னம், பரப்பளவு போன்ற சொற்களுக்கு மலாய்ச் சொல்லையும் பக்கத்தில் எழுதி ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் தயாரிக்கலாம். தமிழில் புரிந்த கணக்கு பிள்ளையை விட்டுப் போகாது. முதலாம் படிவத்தில் சொல் மாறும்போது தடுமாறாமல் இருக்க அந்த நோட்டு துணைநிற்கும்.

கடைசியாக, ஒரு ரிங்கிட் கேள்விக்கான விடை. முதலில் 50 சென்னை வைத்துப் பிரிக்க வேண்டும். இரண்டு 50 சென் என்றால் 1 வழி. ஒரே ஒரு 50 சென் என்றால், மீதி 50-ஐ 20-உம் 10-உம் கொண்டு நிரப்ப 3 வழிகள். 50 சென்னே இல்லையென்றால் 6 வழிகள். ஆக மொத்தம் 10. ஐந்து சென்னும் சேர்ந்தால் அதே வரிசையில் 1, 12, 36, மொத்தம் 49. இன்று இரவு சாப்பாட்டு மேசையில் காசுகளைக் கொட்டி வைத்து, வீட்டில் உள்ள கடைக்குட்டியிலிருந்து தொடங்கிக் கேட்டுப் பார்க்கலாம்.